பிங்க் ஃபிளாய்டு அட்டைகள்: எது நடந்தது, எது ஒட்டியது

கேள்வி சுருக்கமாக இது: ஃபோட்டோஷாப் இல்லாத காலத்தில், இங்கிலாந்து ராக் இசைக்குழுவான பிங்க் ஃபிளாய்டின் ஆல்பம் அட்டைகளை எப்படிச் செய்தார்கள்? எது நிஜமாகக் கேமரா முன்னால் நடந்தது, எது ஒட்டுவேலை? பழைய எல்பி (இசைத்தட்டு) வாங்கிச் சுவரில் மாட்டுவதானாலும் சரி, படத்தை அச்சடித்துச் சட்டம் போடுவதானாலும் சரி, எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

பலரும் நினைப்பதற்கு நேர் எதிராகத்தான் இருக்கிறது விஷயம். தீப்பற்றி எரிந்தபடி ஒருவன் கைகுலுக்குகிறானே, அது நிஜம். ஆள்மேல் தீ வைத்துத்தான் எடுத்தார்கள். கடற்கரையில் கண்ணுக்கு எட்டியவரை இரும்புக் கட்டில்கள் கிடக்கின்றனவே, அதுவும் நிஜம். மின் நிலையத்துக்கு மேலே மிதக்கும் பன்றியைப் பார்த்து 'பலூனைப் பறக்கவிட்டு எடுத்திருப்பார்கள், இதிலென்ன' என்று தோன்றும். அதுதான் ஒட்டு. உலகம் முழுக்க டி-ஷர்ட்டில் திரியும் அந்த முப்பட்டகத்துக்கோ கேமராவே தேவைப்படவில்லை.

இதற்கு ஒரு காரணம் உண்டு. கத்தரித்து ஒட்டிய படத்தில் குட்டு வெளிப்படுவது, ஒரு பொருள் இன்னொன்றைத் தொடும் இடத்தில்தான்: கால் தரையில் பதியும் இடம், நிழல் விழும் இடம், தீயின் வெளிச்சம் பக்கத்துச் சட்டையில் ஏறும் இடம். எதையும் தொடாமல் வானத்தில் நிற்கும் பன்றியை ஒட்டிவிடலாம். தீயை ஒட்ட முடியாது. தீக்கு ஓரமே கிடையாது, பிளேடை எங்கே வைத்து வெட்டுவது? இந்த ஒரு அளவுகோலை வைத்துக்கொண்டு அட்டைகளைப் பாருங்கள், பாதி புதிர் அவிழ்ந்துவிடும்.

செய்தவர்கள் யார்? ஹிப்நோசிஸ் என்ற லண்டன் வடிவமைப்புக் கூட்டணி. ஸ்டார்ம் தார்கர்சன், 'போ' என்று எல்லாரும் அழைத்த ஆப்ரி பவல் ஆகிய இருவரும் 1968-இல் தொடங்கியது. பின்னர் பீட்டர் கிறிஸ்டஃபர்சன் சேர்ந்தார். டென்மார்க் தெருவில் ஸ்டுடியோ. பிங்க் ஃபிளாய்டுகாரர்களுக்கு இவர்கள் கேம்பிரிட்ஜ் நாள் முதல் பழக்கம். இசைக்குழுவின் முதல் ஆல்பத்துக்கு (1967) அட்டைப்படம் எடுத்தவர் விக் சிங். பீட்டில்ஸ் குழுவின் ஜார்ஜ் ஹாரிசன் கொடுத்திருந்த ஒரு பட்டை லென்ஸை மாட்டி, நால்வரின் முகமும் பலவாகச் சிதறித் தெரியும்படி எடுத்தார். இரண்டாவது ஆல்பமான 'எ சாசர்ஃபுல் ஆஃப் சீக்ரெட்ஸ்' ஹிப்நோசிஸுக்கு முதல் வேலை. அப்போது அவர்களின் ரெக்கார்டு கம்பெனியான இ.எம்.ஐ. வெளியாட்களை அட்டை செய்ய விடுவது அபூர்வம். இருட்டறையில் பல படங்களை ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றிச் செய்த கலவை அது. உற்றுப் பார்த்தால் மார்வெல் காமிக்ஸின் டாக்டர் ஸ்ட்ரேஞ்ச் அதில் கரைந்து கிடப்பார். இசைக்குழுவின் படம் ஒரு சின்ன வட்டத்துக்குள் மட்டும். பெரிய கலைப்படைப்பு என்று சொல்ல மாட்டேன். ஆனால் 'பாடகர் முகத்தைப் பெரிதாகப் போடு' என்ற வழக்கத்தை உடைத்தாகிவிட்டது.

இனி அந்த டி-ஷர்ட் முப்பட்டகம்.

'தி டார்க் சைட் ஆஃப் தி மூன்' 1973 மார்ச்சில் வந்தது. அதற்கு முந்தைய அட்டைகளெல்லாம் புகைப்படப் புதிர்கள். கீபோர்டு வாசித்த ரிச்சர்ட் ரைட், இந்த முறை எளிமையாக, கறாராக, ஒரு சாக்லேட் பெட்டியின் மூடி போல நறுக்கென்று ஏதாவது வேண்டும் என்றார். இயற்பியல் புத்தகத்தில் பார்த்த முப்பட்டகப் படம் தார்கர்சனுக்குக் கைகொடுத்தது. ஏழு யோசனைகளை அபே ரோடு ஸ்டுடியோவுக்கு எடுத்துப் போனார்கள். மார்வெலின் சில்வர் சர்ஃபர் உருவமும் அவற்றில் ஒன்று. சில நிமிடங்களில் நால்வரும் முப்பட்டகத்தைக் காட்டிவிட்டார்கள்.

வரைந்து கொடுத்தவர் ஓவியர் ஜார்ஜ் ஹார்டி. புகைப்படமாகவே எடுத்திருக்கலாமே என்று தோன்றலாம். எடுத்திருந்தால் சப்பென்று போயிருக்கும். 60 டிகிரி முக்கோணச் சாதாரணக் கண்ணாடியில் வெள்ளை ஒளியைச் செலுத்தினால் கதிர் ஏறத்தாழ 37 டிகிரி திரும்பும்; ஆனால் சிவப்புக்கும் ஊதாவுக்கும் நடுவே விழும் விரிவு ஒன்றிரண்டு டிகிரிதான். ஓர் அடி அட்டைக்குள் அது வண்ணம் பூசிய நூல் மாதிரி தெரியும், அவ்வளவே. அட்டையில் இருக்கும் விசிறி அதைப் போலப் பல மடங்கு. கருத்து நிஜம், அளவு பொய்.

பொய் அங்கே மட்டும் இல்லை. நிறம் பிரிவது கண்ணாடியின் முதல் முகத்திலேயே தொடங்கிவிடும். அட்டையிலோ ஒளி முப்பட்டகத்துக்குள் வெள்ளையாகவே விரிந்து, வெளியே வந்த பிறகுதான் நிறம் எடுக்கிறது. பட்டைகளை எண்ணிப் பாருங்கள்: ஏழு இல்லை, ஆறு. கருநீலம் கிடையாது. பள்ளியில் 'விப்ஜியார்' என்று மனப்பாடம் செய்தவர்களுக்கு உறுத்தும்தான். ஆனால் நீலத்துக்கும் ஊதாவுக்கும் நடுவே இன்னொரு நீலத்தைச் செருகினால் அச்சில் மூன்றும் ஒன்றாகக் குழைந்துபோகும். சிவப்பு மேலே இருப்பது மட்டும் சரி. குறைவாக வளைவது அதுதான். இணையத்தில் கிடைக்கும் நகல்களைப் பிரித்தறியவும் இதுவே சுலபமான சோதனை. ஏழு பட்டை இருந்தால், அல்லது நிறங்கள் ஒன்றிலிருந்து ஒன்றுக்கு மெதுவாகக் கரைந்து மாறினால், யாரோ புதிதாக வரைந்தது. அசலில் ஒவ்வொரு பட்டையும் ஒரே சீரான நிறம். ஓரம் கத்தி போல நிற்கும்.

ஹார்டி கொடுத்தது வண்ண ஓவியம் அல்ல. வெள்ளைத் தாளில் கறுப்புக் கோடுகள், முக்கோணத்தின் பளபளப்புக்குக் கொஞ்சம் ஏர்பிரஷ் (சாயத்தைக் காற்றால் தெளிக்கும் கருவி). எந்தப் பட்டைக்கு எந்த மை, எத்தனை சதம் என்று அச்சகத்துக்குக் குறிப்பு. கறுப்பு வெள்ளையாகவும் வெள்ளை கறுப்பாகவும் தலைகீழானது அச்சுத் தகட்டில்தான். அதாவது, அந்த அட்டை முதன்முதலாக வண்ணத்தில் உருவானதே அச்சு இயந்திரத்தில். இவ்வளவு துல்லியமாக இருப்பதற்கு அதுவே காரணம். இடையில் எங்கும் ஒரு படத்தைப் படம் பிடித்து மங்கவிடவில்லை.

மடிப்பைத் திறந்தால் நிறப்பட்டை உள்பக்கம் முழுக்க ஓடும். பச்சைப் பட்டை மட்டும் இதயத்துடிப்புக் கோடாகத் துள்ளும். அது பேஸ் கிட்டார் வாசித்த ரோஜர் வாட்டர்ஸின் யோசனை, ஆல்பம் இதயத்துடிப்போடுதான் தொடங்கி முடிகிறது. பின்னட்டையில் இன்னொரு முப்பட்டகம் நிறங்களை வாங்கி மறுபடி வெள்ளைக் கதிராக வெளியே விடும். இதனால் ஒரு லாபம்: அட்டைகளைத் திறந்து வரிசையாக அடுக்கினால் கடைச் சுவர் முழுக்க ஒரே கதிர் முடிவில்லாமல் ஓடும். விளம்பரப் பலகையே வேண்டாம். உள்ளே இரண்டு போஸ்டர், இரண்டு ஸ்டிக்கர். ஒரு போஸ்டரில் கீசா பிரமிடுகள். அதற்காகவே எகிப்து போனார்கள். பவலுக்கு உடம்பு சரியில்லாமல் போக, தார்கர்சன் தனியாக நள்ளிரவில் நிலவொளியில் நீண்ட நேரம் ஷட்டரைத் திறந்து வைத்து எடுத்தார்.

அடுத்து 1975-இன் 'விஷ் யூ வேர் ஹியர்'. என் கணக்கில் ஹிப்நோசிஸின் உச்சம் இதுதான், முப்பட்டகம் அல்ல.

எடுத்த இடம், கலிஃபோர்னியாவின் பர்பாங்கில் வார்னர் பிரதர்ஸ் ஸ்டுடியோ வளாகம். ஸ்டன்ட் நடிகர்கள் ரானி ராண்டெல், டேனி ராஜர்ஸ் இருவரும் கைகுலுக்க வேண்டும். ராண்டெல் தீத்தடுப்பு உடையைப் போட்டு, அதற்கு மேல் கோட்டு சூட்டு. தலையில் பாதுகாப்பு உறை, அதன்மேல் விக். தீ வைத்ததும் பவல் படம் எடுக்க, உடனே அணைப்பார்கள். இதைப் பதினைந்து முறை செய்தார்கள். காற்று எதிர்ப்பக்கமாக அடித்து, தீ முகத்தின் மேல் திரும்பி, ராண்டெலின் மீசை கருகியது. தீர்வு என்ன தெரியுமா? இருவரும் இடம் மாறி, இடது கையால் கைகுலுக்கி, பிறகு படத்தைக் கண்ணாடி பிம்பம் போலத் திருப்பிப் போட்டார்கள். அச்சில் வலது கையாகத் தெரிவது அதனால்தான். எதிரே நிற்பவரின் நிதானத்தைக் கவனியுங்கள். தீ உண்மையில் பக்கத்தில் இருக்கிறது என்பதை உடம்பு மறைக்க முயல்கிற நிதானம் அது. ஒட்டுவேலையில் கிடைக்காது. இங்கிலாந்துப் பதிப்புக்கும் அமெரிக்கப் பதிப்புக்கும் இதே படப்பிடிப்பின் வெவ்வேறு படங்களைப் பயன்படுத்தியிருக்கிறார்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்தால் எரிபவரின் நிற்பில் வித்தியாசம் தெரியும்.

உள்ளே, ஏரியில் தலைகீழாகப் பாய்ந்தவனின் கால்கள் மட்டும் வெளியே நிற்கும். தண்ணீரில் ஒரு சிற்றலைகூட இருக்காது. கலிஃபோர்னியாவின் மோனோ ஏரி. ஆள் பாயவே இல்லை. தண்ணீருக்குள் தலைகீழாக நின்று மூச்சை அடக்கிக்கொண்டிருந்தான். அலை அடங்கும்வரை காத்திருந்து எடுத்தார்கள். பின்னட்டையில் பாலைவனத்தில் நிற்கும் விற்பனையாளனுக்கு முகமில்லை, மணிக்கட்டில்லை, கணுக்காலில்லை. வெறும் கோட்டு சூட்டு. இங்கேதான் தூரிகை வேலை. பின்னணி சமமான மணல், வெறும் வானம் என்பதால் உடம்பை அழித்த இடத்தை நிரப்புவது எளிது. பின்னணியில் மரமோ கூட்டமோ இருந்திருந்தால் மாட்டிக்கொண்டிருப்பார்கள். இடத்தேர்விலேயே பாதி வேலை முடிந்துவிட்டது.

இத்தனையும் செய்து, முழு அட்டையையும் கருமையான பிளாஸ்டிக் உறையால் மூடி விற்றார்கள். ஆல்பத்தின் பொருளே 'இல்லாமை'. ஆகவே அட்டையும் இல்லாமல் போகட்டும் என்பது வாதம். உறையின்மேல் ஹார்டி வரைந்த ஸ்டிக்கர்: இரண்டு இயந்திரக் கைகள் குலுக்கிக்கொள்ளும், பின்னால் நிலம், நீர், தீ, காற்று. ரெக்கார்டு கம்பெனி முகம் சுளித்ததில் ஆச்சரியமில்லை.

பன்றிக் கதை எல்லாருக்கும் தெரிந்தது என்றாலும், தவறு எங்கே நடந்தது என்பது முக்கியம். 'அனிமல்ஸ்' (1977) அட்டையின் யோசனை ரோஜர் வாட்டர்ஸுடையது. லண்டன் பேட்டர்சி மின் நிலையத்தின் புகைபோக்கிகளுக்கு நடுவே ஒரு பன்றி பறக்க வேண்டும். பலூனை ஜெர்மனியின் பலோன் ஃபாப்ரிக் நிறுவனம் செய்து கொடுத்தது. நீளம் ஒன்பது மீட்டருக்கும் மேல். 1976 டிசம்பர் 2 அன்று, பன்றி அறுத்துக்கொண்டு போனால் சுட்டு இறக்க ஒரு துப்பாக்கிக்காரரைத் தயாராக நிறுத்தியிருந்தார்கள். அன்று வானிலை சரியில்லை, பன்றி மேலே போகவில்லை. மறுநாளுக்குத் துப்பாக்கிக்காரரை வரச் சொல்ல மறந்துவிட்டார்கள். அன்றைக்குத்தான் கயிறு அறுந்தது. பன்றி ஹீத்ரூ விமானப் பாதையில் ஏறி, விமானங்களை நிறுத்த வைத்து, கடைசியில் கென்ட்டில் ஒரு பண்ணையில் இறங்கியது. மாடுகள் மிரண்டுவிட்டன என்று பண்ணைக்காரருக்கு ஒரே கோபம். மூன்றாம் நாள் ஒழுங்காகப் பறந்தது, ஆனால் வானம் நீலமாக, சாதுவாக இருந்தது. முதல் நாள் எடுத்த படத்தில் மேகம் கனத்து, வெளிச்சம் அபாரம், பன்றிதான் இல்லை. ஆகவே மூன்றாம் நாள் பன்றியை வெட்டி முதல் நாள் வானத்தில் ஒட்டினார்கள். இவ்வளவு கூத்துக்கும் பிறகு ஒட்டுவேலை! முதலிலேயே ஒரு சின்ன பொம்மைப் பன்றியை எடுத்து ஒட்டியிருக்கலாமே என்று கேட்பவர்கள் உண்டு. செய்திருக்கலாம். நாளிதழ்களில் பன்றி வந்திருக்காது.

'உம்மகும்மா' (1969) வேறு வகை. கேம்பிரிட்ஜ் அருகே கிரேட் ஷெல்ஃபர்டில் ஒரு வீடு. கதவோரம் நாற்காலியில் ஒருவர், பின்னால் தோட்டத்தில் மற்ற மூவர் வெவ்வேறு நிலையில். சுவரில் ஒரு படம், அதற்குள் அதே காட்சி, அதற்குள் மறுபடி. ஆனால் ஒவ்வொரு அடுக்கிலும் ஆள்கள் இடம் மாறியிருப்பார்கள்: முதலில் நாற்காலியில் கிட்டார் வாசித்த கில்மர், அடுத்ததில் வாட்டர்ஸ், பிறகு டிரம்ஸ் வாசித்த மேசன், பிறகு ரைட். எனவே ஒரே பிரிண்ட்டைச் சுருக்கிச் சுருக்கி ஒட்டியதல்ல, நான்கு தனிப் படப்பிடிப்பு. இதைச் செய்து பார்க்க ஆசைப்பட்டால் இரண்டு விஷயம்: கேமராவை முக்காலியில் பூட்டிவிட்டு நான்கும் முடியும்வரை அதைத் தொடவே கூடாது, வெளிச்சம் மாறுவதற்குள் முடிக்க வேண்டும். தோட்டத்து நிழல் அரை மணியில் நகர்ந்துவிடும், அடுக்கு மாறும்போது கண் அதைத்தான் முதலில் பிடிக்கும்.

அந்த அட்டையில் தரையில் சாய்த்து வைத்த 'ஜிஜி' படப்பாடல் எல்பி ஒன்று தெரியும். உரிமைச் சிக்கல் வருமென்று அமெரிக்கப் பதிப்பில் அதை ஏர்பிரஷ்ஷால் வெள்ளை அட்டையாக்கிவிட்டார்கள். பின்னட்டையில் இசைக்குழுவின் மொத்தச் சாமான்களும் பிகின் ஹில் விமான ஓடுதளத்தில் அம்பு வடிவில் பரப்பிக் கிடக்கும். போர் விமானத்தின் முன் குண்டுகளை அடுக்கி எடுக்கும் படங்களைப் பார்த்து நிக் மேசன் சொன்ன யோசனை. அங்கே நிற்கும் இரண்டு சாமான் பொறுப்பாளர்களில் பீட்டர் வாட்ஸ், நடிகை நவோமி வாட்ஸின் அப்பா.

மற்றவற்றை வேகமாகக் கடக்கலாம். 'ஆட்டம் ஹார்ட் மதர்' (1970): லண்டனுக்கு வடக்கே பாட்டர்ஸ் பார் பக்கம் வயலில் நின்ற ஒரு மாடு. பெயர் லுலுபெல் III. குழுவின் பெயரோ ஆல்பத்தின் பெயரோ முன்னட்டையில் கிடையாது. துணிச்சல் படத்தில் இல்லை, அதில்தான். 'மெடில்' (1971): தண்ணீருக்குள் ஒரு காது, மேலே அலை வட்டங்கள். தார்கர்சனுக்கே பிடிக்காத அட்டை. எனக்கும் அப்படித்தான், அது காது என்று யாராவது சொன்னால்தான் தெரியும். 'தி வால்' (1979) ஹிப்நோசிஸ் செய்ததல்ல. தன் நிறுவனத்தின் புத்தகத்தில் 'அனிமல்ஸ்' அட்டையைத் தார்கர்சன் சேர்த்த விதத்தில் வாட்டர்ஸுக்கு மனத்தாங்கல். வேலை கார்ட்டூனிஸ்ட் ஜெரால்டு ஸ்கார்ஃபிடம் போனது. வெறும் வெள்ளைச் செங்கல், எழுத்து ஒளி ஊடுருவும் ஸ்டிக்கரில் தனியாக.

1987-இல் தார்கர்சன் திரும்பினார். 'எ மொமென்டரி லாப்ஸ் ஆஃப் ரீசன்' அட்டைக்கு இங்கிலாந்தின் டெவன் கடற்கரையில், சான்டன் சாண்ட்ஸில், 700 ஆஸ்பத்திரி இரும்புக் கட்டில்களை விரிப்போடு போட்டார்கள். மழை கொட்டியது. அத்தனையையும் அள்ளிக்கொண்டு போய், இன்னொரு நாள் மறுபடி பரப்பினார்கள். பத்துக் கட்டிலைப் படம் எடுத்து எழுநூறாகப் பெருக்கினால் ஆகாதா? ஆகாது. தூரம் போகப் போக ஒவ்வொரு கட்டிலின் கோணமும் மாறும், ஈரமணலில் நிழல் மாறும், வரிசை எங்கேயாவது லேசாகக் கோணும். அந்தக் கோணல்தான் கண்ணை நம்ப வைப்பது. ராபர்ட் டௌலிங் எடுத்த இந்தப் படம் புகைப்படக் கலைஞர் சங்கத்தின் தங்க விருதும் வாங்கியது. 1994-இல் 'தி டிவிஷன் பெல்'. கம்ப்யூட்டர் வந்தாயிற்று, இருந்தும் ஈலி ஊருக்குப் பக்கத்து வயலில் மூன்று மீட்டர் உயர உலோகத் தலைகள் இரண்டைச் செய்து நிறுத்தினார்கள். இரண்டு பக்கவாட்டு முகங்களும் சேர்ந்து நேர்முகமாக ஒரு மூன்றாவது முகம் தெரியும். இடைவெளியில் தூரத்தில் ஈலி தேவாலயம். கம்ப்யூட்டரில் பிறந்த முன்னட்டை என்று சொல்லத்தக்கது 2014-இன் 'தி எண்ட்லெஸ் ரிவர்'. எகிப்தைச் சேர்ந்த அஹ்மத் இமாத் எல்தின் என்ற பதினெட்டு வயது இளைஞர் செய்தது. தார்கர்சன் அதற்கு முன்பே, 2013-இல், இறந்துவிட்டார்.

ஒட்டுவேலை கையால் நடந்த முறை இதுதான். இரண்டு படங்களையும் ஒரே அளவுப் பொருத்தத்தில் பிரிண்ட் போட வேண்டும். ஒட்ட வேண்டியதை அறுவைக் கத்தியால் ஓரத்தோடு வெட்டி, பின்பக்கத்தை உப்புத்தாளால் தேய்த்து விளிம்பை மெல்லிசாக்க வேண்டும். தேய்க்காவிட்டால் தாளின் கனமே ஒரு மெல்லிய நிழற்கோடாகப் படத்தில் விழும். பிறகு ஒட்டி, சேர்மானத்தைச் சாயத்தாலும் ஏர்பிரஷ்ஷாலும் மறைத்து, முழுவதையும் மறுபடி படம் எடுக்க வேண்டும். ஒவ்வொரு மறுபடப்பிடிப்பிலும் வெள்ளை வெளுக்கும், கறுப்பு அடைக்கும். அதனால் முதல் பிரிண்ட்டைக் கொஞ்சம் மந்தமாகவே போடுவார்கள். வெளிச்சம் வரும் திசை இரண்டு படத்திலும் ஒன்றாக இல்லையென்றால் என்ன செய்தாலும் தேறாது.

சதுரத்துக்கும் ஒரு காரணம் உண்டு. ஹிப்நோசிஸ் பயன்படுத்திய ஹாசல்பிளாட் கேமராவின் ஃபிலிம் கட்டம் சதுரம், பக்கம் சுமார் 56 மி.மீ. எல்பி அட்டை சுமார் 315 மி.மீ. ஆக, ஐந்தரை மடங்கு பெரிதாக்கினால் போதும். சாதாரண 35 மி.மீ. ஃபிலிமின் குறும்பக்கம் 24 மி.மீ.; அதைப் பதின்மூன்று மடங்கு ஊத வேண்டியிருக்கும், துகள் தெரியும்.

இப்போது மற்ற கேள்வி: அச்சடிக்கவும் பழைய எல்பி வாங்கவும் எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

அச்சடிப்பதென்றால் முதலில் படத்தின் அளவைப் பாருங்கள். 12.4 அங்குலத்துக்கு, அங்குலத்துக்கு 300 புள்ளி வேண்டும் என்றால் ஒரு பக்கத்துக்கு 3,720 பிக்சல். இணையத்தில் கிடைக்கும் 600 பிக்சல் படத்தை அந்த அளவுக்கு இழுத்தால் அங்குலத்துக்கு 50 புள்ளிகூடத் தேறாது. சிடி அட்டையை ஸ்கேன் செய்து பெரிதாக்கினால் அச்சுப் புள்ளிகள் வலை வலையாக எழும்பும். புகைப்பட அட்டைகளுக்கு நல்ல மறுபதிப்பு எல்பியையே வாங்கிச் சட்டம் போடுவது உத்தமம். முப்பட்டகம் மட்டும் விதிவிலக்கு. சொந்தச் சுவருக்காக இல்லஸ்ட்ரேட்டர் என்ற வரைகலை மென்பொருளில் கோடாக வரைந்துகொண்டால் எந்த அளவிலும் கூர்மை குறையாது.

அதில் மாட்டிக்கொள்ளும் இடங்கள் மூன்று. ஒன்று, கறுப்பு. வெறும் கறுப்பு மை 100 சதம் என்று விட்டால் பெரிய பரப்பில் சாம்பல் பூத்தது போல இருக்கும். நான்கு அச்சு மைகளையும் சேர்த்து, சயான் (பச்சை கலந்த நீலம்) 60, மஜெந்தா (ஊதா கலந்த சிவப்பு) 40, மஞ்சள் 40, கறுப்பு 100 என்று கொடுத்தால் ஆழம் வரும். மொத்தம் 240 சதம், 300-க்குள் இருப்பதால் மை காய்ந்துவிடும். இரண்டு, அந்த ஒல்லியான வெள்ளைக் கதிர். நான்கு மைக்கும் நடுவே வெறுமையாக விட்ட தாள்தான் அந்த வெள்ளை. தகடுகள் மயிரிழை நகர்ந்தாலும் கதிரின் ஓரத்தில் சிவப்போ நீலமோ ஒட்டிக்கொள்ளும். மலிவான காலண்டரில் சாமி படத்தின் உதட்டுச் சிவப்பு உதட்டை விட்டு விலகி நிற்குமே, அதே கோளாறு. கதிரின் இரு ஓரத்திலும் மற்ற மூன்று மைகளை 0.1 மி.மீ. பின்னுக்கு இழுத்துவிட்டு, கறுப்பை மட்டும் ஓரம்வரை விடச் சொல்லுங்கள். மூன்று, நீலப் பட்டை. சயானுக்கும் மஜெந்தாவுக்கும் குறைந்தது 30 சத வித்தியாசம் வேண்டும். இல்லாவிட்டால் நீலமும் ஊதா பக்கம் சாய்ந்து, ஆறு பட்டை ஐந்தாகிவிடும். திரையில் தெரியும் மினுக்கும் ஊதா நான்கு மை அச்சில் வரவே வராது; அதற்கு அச்சகத்தாரோடு சண்டை போட்டுப் பயனில்லை. கறுப்பின்மேல் மேட் (பளபளப்பில்லாத) லேமினேஷன் வேண்டாம், விரல் தடமும் கீறலும் அப்படியே நிற்கும்.

பழைய எல்பி என்றால், 'டார்க் சைட்' முதல் இங்கிலாந்துப் பதிப்புக்கு எண் எஸ்.எச்.வி.எல். 804, தட்டின் லேபிளில் முக்கோணம் இளநீலத்தில் நிரப்பியிருக்கும். பிந்தைய அச்சுகளில் வெறும் கோட்டு முக்கோணம். போஸ்டர்கள் இருப்பதை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள், மறுபதிப்புகளிலும் போஸ்டர் வந்திருக்கிறது, எடுத்துப் போட்டு விற்பார்கள். 'விஷ் யூ வேர் ஹியர்' எல்பியில் கருப்பு உறை பெரும்பாலும் கிழிந்து போயிருக்கும். ஸ்டிக்கரை மட்டும் வெட்டி அட்டைமேல் ஒட்டியிருப்பார்கள். ஏரிக்காரன் படம் போட்ட தபாலட்டை உள்ளே இருக்கிறதா என்று பாருங்கள்.

கறுப்பு அட்டைக்கு முதல் எதிரி வட்டத் தேய்மானம். எல்பிகளைப் படுக்கவைத்து அடுக்கினால் தட்டின் விளிம்பு அட்டையை உள்ளிருந்து அழுத்தி, கறுப்பில் வெள்ளை வளையம் விழும். நிமிர்த்தி, சாயாமல் வையுங்கள். கறுப்பு மார்க்கரால் வளையத்தை மறைத்து விற்பவர்களும் உண்டு; டார்ச்சைப் பக்கவாட்டில் அடித்தால் மார்க்கர் ஊதாவாக மின்னும். வெளியுறைக்கு பி.வி.சி. வேண்டாம், நாளடைவில் அட்டை மையோடு ஒட்டிக்கொள்ளும், பாலிப்ரொப்பிலீன் கேளுங்கள். நம் ஈரப்பதத்தில் பூஞ்சை வேறு. மோந்து பார்த்து வாங்குவதில் வெட்கம் தேவையில்லை.

சட்டத்துக்குள் வைக்கும்போது தட்டை வெளியே எடுத்துத் தனி வெள்ளை உறையில் வையுங்கள், வெயில் சூட்டில் வளைந்துவிடும். டேப், பசை எதுவும் கூடாது. கண்ணாடி அட்டையைத் தொடாதபடி இரண்டு மூன்று மில்லிமீட்டர் இடைவெளி விடச் சொல்லுங்கள். வெயில் விழும் சுவர் அறவே வேண்டாம்: மஞ்சளும் மஜெந்தாவும்தான் முதலில் வெளுக்கும், நீலம் தாக்குப்பிடிக்கும். ஜன்னலுக்கு எதிரே மாட்டிய முப்பட்டகத்தில் சில வருஷத்தில் மேல் மூன்று பட்டையும் சோகை பிடித்து, கீழே நீலம் மட்டும் அப்படியே இருக்கும்.

ஒரு கடைசி எச்சரிக்கை, 1995-இன் கச்சேரி ஆல்பமான 'பல்ஸ்' சிடி பெட்டி கையில் கிடைத்தால். அதன் முதுகில் ஒரு சிவப்பு விளக்கு மினுங்கும்படி உள்ளே ஒரு மின்சுற்றும் ஏஏ பேட்டரியும் வைத்திருந்தார்கள். எரிகிறதா என்று பார்ப்பதற்கு முன்னால் அட்டையைத் திறந்து பழைய பேட்டரியை எடுத்துவிடுங்கள். ஒழுகியிருந்தால் முனைகளில் பச்சை பூத்திருக்கும். வினிகர் தொட்ட பஞ்சால் துடைத்து, நன்றாகக் காயவிட்டு, பிறகு புதியதைப் போடுங்கள்.